விசரா, வர்ணமா?

புதிதாக மிருக வைத்தியத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு, ஊசி எங்கே போடுவது, கன்று குறுக்கே கிடந்தால் கையை எப்படி விடுவது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைப் படித்திருப்பீர்கள், மிச்சத்தை மாடுகள் சொல்லித்தரும். நான் எழுத நினைப்பது வேறு. ஊரே கூடி நின்று "சுடுங்கோ, சுடுங்கோ" என்று கத்தும். நோய் இன்னதென்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாது. தெரியும்வரை காத்திருக்கவும் நேரம் இராது. அந்த இடத்தில் என்ன செய்வது?

அப்படியொரு நாள் எனக்கு முல்லைத்தீவுக் கரையில் வந்தது. அறுபதுகளின் தொடக்கம். நான் வேலைக்கு வந்து அதிக காலமாகவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேறியவர்களின் எருமைகளும் உழவு மாடுகளும்தான் அப்போது என் நோயாளிகள். கடற்கரைப் பக்கம் போவது குறைவு. அன்று மார்கழி மழைக்குள் தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு பசுவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். சாக்கால் தலையை மூடிய ஒருவர் வீதியின் நடுவே நின்று ஜீப்பை மறித்தார்.

"மாட்டு டொக்டரோ? ஒருக்கா வாங்கோ ஐயா. கரையில விசர்நாய் ஒண்டு ஆளைக் கடிச்சுப்போட்டுது. துவக்கெடுக்க ஆள் போயிட்டுது."

மனிதருக்கு விசர், அதாவது வெறிநாய்க்கடி வருத்தம், வெளியே தெரிந்துவிட்டால் அன்றும் மருந்தில்லை, இன்றும் மருந்தில்லை. அந்தப் பயத்தோடுதான் போனேன்.

ஒரு கிறிஸ்தவ மீனவக் குடும்பத்தின் ஓலை வீடு. முற்றம் நிறைய ஆட்கள். நடுவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வலது கையில் சாரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, இடது கையில் துடுப்போடு நின்றார். துண்டில் இரத்தம் ஊறியிருந்தது. பெயர் சவிரிமுத்து. அந்த வீட்டுக்காரி மரியம்மாவின் அண்ணன். மரியம்மாவின் கணவர் கடலில் மாண்டுபோனபிறகு அவர்தான் அந்தக் குடும்பத்தைப் பார்த்துவந்தார்.

"உள்ள கட்டிலுக்குக் கீழ கிடக்குது ஐயா," என்றார். "இழுத்து வெளிய எடுப்பமெண்டு கையை விட்டனான். பிடிச்சுப்போட்டுது."

"பிறகு ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"கட்டிலில எங்கட பிள்ளை இருக்குது. இறங்கமாட்டனெண்டுது."

உள்ளே எட்டிப் பார்த்தேன். மரியம்மாவின் ஒரே மகள் ரெஜினா கட்டிலின் ஓரத்தைப் பிடித்தபடி இருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதம் இரண்டு கால்களையும் எடுத்துவிட்டது. அவளைத் தூக்கி இறக்க இரண்டு பேர் கிட்டப் போயிருக்கிறார்கள். கட்டிலின் கீழ் உறுமல் கேட்டதும் திரும்பிவிட்டார்கள். அவள் கட்டிலில் இருக்கும்வரை யாராலும் சுடமுடியாது. அது அவளுக்கும் தெரியும்.

"நான் இறங்கமாட்டன் ஐயா," என்றாள் என்னைப் பார்த்து. "என்ர றோசிக்கு விசரில்லை."

முதலில் நான் நாயைப் பார்க்கவில்லை. சவிரிமுத்து அண்ணையைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், ஆடைகழுவும் சவர்க்காரத்தைப் போட்டு, காயத்தில் வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் பொறுமையில்லாமல் முணுமுணுத்தார்கள். எத்தனை பேர் கத்தினாலும் கடிபட்டவரின் காயம்தான் முதல். இதில் மட்டும் யோசிக்க ஒன்றுமில்லை.

பிறகு ஆட்களைப் படலைக்கு வெளியே போகச் சொன்னேன். மரியம்மாவை மட்டும் வைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருந்து பார்த்தேன்.

மண்ணிறப் பெட்டை நாய். முதுகிலும் காதிலும் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத்திட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு வலிப்பு வந்தது. தாடை படபடவென்று அடித்தது. வாயில் நுரை. நான்கு கால்களும் விறைத்தன. பிறகு எழும்பிக் குரைத்தது. எதையோ பார்த்துக் குரைப்பதுபோல் இருந்தது, ஆனால் அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. நடந்துபோய்ச் சுவரில் முட்டியது. திரும்பி மறுபடி முட்டியது. அதற்குக் கண் தெரியவில்லை.

மரியம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

இவ்வளவும் விசருக்கும் பொருந்தும். துவக்குக்காரன் வந்து, அந்தப் பிள்ளையும் கட்டிலில் இல்லாதிருந்தால், நானே "சுடுங்கோ" என்று சொல்லியிருக்கக்கூடும். ரெஜினா, "றோசி, இஞ்ச வா, ஒண்டுமில்லை," என்று கூப்பிட்டாள். நாய் குரல் வந்த பக்கம் திரும்பி, தடுமாறி வந்து, கட்டிலின் கீழ் படுத்தது. வால் ஒருமுறை அசைந்தது.

வால் அசைந்ததால் விசரில்லை என்று எண்ணிவிடாதீர்கள். விசர் தொடங்கிய நாயும் வளர்த்தவர்களை அடையாளம் காணும். நான் கேள்வி கேட்கத் தொடங்கினேன். எப்போதிருந்து இப்படி?

"நாலைஞ்சு நாளாச் சாப்பாடில்லை," என்றார் மரியம்மா. "சத்தியெடுத்தது. வயித்தை இழுத்துக்கொண்டு முனகினது. நான் குடல்பூச்சியெண்டு நினைச்சன். நேற்றுத்தான் வலிப்பு வந்தது."

வயிற்று வலி முதலில், வலிப்புப் பிறகு. அது என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. அப்போதுதான் வீட்டுக்குள் ஒழுங்காகப் பார்த்தேன்.

கட்டிலைச் சுற்றிப் பலகைகளில் களிமண் ஆடுகள், ஒட்டகங்கள், கழுதைகள், மூன்று இராசாக்கள், முழங்காலில் நிற்கும் இடையர்கள். கிறிஸ்து பிறந்த நத்தாருக்குப் பாலன் குடில் வைக்க அந்தக் கரையில் பல வீடுகள் ரெஜினாவிடம்தான் உருவங்கள் வாங்குவார்கள். அம்மா குளத்துக் களி கொண்டுவந்து கொடுக்க, அவள் பிடித்துக் காயவைத்து வர்ணம் பூசுவாள். அவள் பக்கத்தில் சிரட்டைகளில் சிவப்பு, நீலம், வெள்ளை. நிலத்தில் சொட்டுச்சொட்டாகக் காய்ந்த வர்ணம். மழைக்காலமானதால் கதவு சாத்தியபடி. நாயும் வெளியே போகாமல் நாள் முழுக்க அந்தக் கட்டிலுக்குக் கீழேதான்.

"இந்தப் பெயின்ற் எங்கால?" என்று கேட்டேன்.

படலையில் நின்ற சவிரிமுத்து அண்ணைதான் பதில் சொன்னார். "நான்தான் குடுக்கிறனான். வள்ளத்துக்கு அடிச்சு மிஞ்சுறது. பிள்ளை ஆசைப்படுறாளெண்டு தகர ரின்னோட கொண்டுவந்து குடுத்தனான்."

வள்ளத்து அடிப்பலகைக்கு அந்தக் காலத்தில் பூசிய சிவப்பில் முக்கால்வாசி ஈயம். வெள்ளையிலும் ஈயம். ஈயம் நாக்கில் இனிக்கும். மயிரில் சொட்டியதை நாய் நக்கும். நிலத்தில் காய்ந்த வர்ணத் தோலைச் சுரண்டித் தின்னும். ஒரு கம்பால் கட்டிலின் கீழிருந்து ஒரு சிரட்டையை இழுத்து எடுத்தேன். அதன் விளிம்பில் தடிப்பாகக் காய்ந்திருந்த சிவப்பில் பல் பதிந்திருந்தது. மூலையில் கிடந்த வாந்தியிலும் நீலத் துணுக்குகள்.

அப்பாடா என்று எழும்பியிருக்கலாம். எழும்பவில்லை. விசர்நாயும் கண்டதையெல்லாம் கடித்து விழுங்கும். கல், தடி, துணி என்று வயிற்றுக்குள் எதுவும் இருக்கும். பெயின்ற் தின்றதால் விசர் வந்ததுபோல் இருக்கிறதா, விசர் வந்ததால் பெயின்ற் தின்றதா? அந்த வாசலில் இருந்து அதைச் சொல்ல எனக்கு வழியில்லை. ஈயம் என்றுதான் என் மனம் சொன்னது. அந்த நாய் தப்பவேண்டுமென்று ஆசைப்பட்டதும் அதே மனம்தான். அதை நம்பி ஒரு மனிதனின் உயிரைப் பணயம் வைக்கக்கூடாது.

துவக்குக்காரன் அப்போது வந்துசேர்ந்தான். ஆட்கள் அவனுக்கு வழி விட்டார்கள். நான் சவிரிமுத்து அண்ணையைத் தனியே கூப்பிட்டேன்.

"அண்ணை, எனக்கு ரெண்டு சந்தேகம். ஒண்டு விசர். மற்றது உந்தப் பெயின்ற்றில இருக்கிற ஈய நஞ்சு. எது எண்டு இப்ப என்னால சொல்ல ஏலாது."

"சுட்டாத் தெரியாதோ?"

"தலையை வெட்டிக் கொழும்புக்கு அனுப்பிப் பாக்கலாம். இந்த வெள்ளத்துக்க பெட்டி போய்ச் சேருமோ தெரியாது. தலையில வெடி பட்டாப் பாக்கவும் ஏலாது. ஆனா உயிரோட கட்டி வைச்சுப் பாத்தா, உங்களைக் கடிச்ச நாளில இருந்து பத்து நாளைக்கு அது சாகாட்டி, உங்களுக்கு அதால விசர் வராது."

அவர் என்னையே பார்த்தார். "நாய் இருந்தா நானும் இருப்பன். அப்பிடியோ?"

"ஓம். ஆனா அந்தப் பத்து நாளும் பாத்துக்கொண்டிருக்கேலாது. இண்டைக்கே ஆசுப்பத்திரிக்குப் போய் வயித்தில ஊசி போடத் தொடங்கோணும். ஒரு நாளும் விடாமல்."

"நாய்க்கு விசரில்லையெண்டு நீங்கள் நினைச்சாலும்?"

"நினைச்சாலும்."

அவர் துடுப்பை வேலியில் சாய்த்துவிட்டுத் துவக்குக்காரனிடம் போனார். "தம்பி, நீ போ. இந்த நாயில ஆரும் கை வைச்சா என்னில கை வைச்ச மாதிரி."

அதற்குப்பின் வேலை நடந்தது. தடித்த கயிற்றில் சுருக்குப் போட்டு, கதவு மறைவில் நின்று, வலிப்பு ஓய்ந்த நேரம் பார்த்துப் பிடித்தோம். வலிப்பை அடக்க ஒரு ஊசி. வயிற்று இழுப்புக்கு, பால்காய்ச்சல் மாடுகளுக்கென்று வைத்திருந்த கல்சியம் ஒரு ஊசி. வளவின் கோடியில் வலை வைக்கும் கொட்டிலில் சங்கிலியால் கட்டினோம். தண்ணீரில் பேதியுப்பைக் கரைத்துச் சட்டியைத் துடுப்பால் தள்ளிவிட்டேன். வயிற்றில் கிடக்கும் ஈயத்தை அது கட்டி வெளியே தள்ளும். நாய் மோந்து பார்த்தது. பிறகு நக்கிநக்கிக் குடித்தது. விசர் முற்றிய நாய்க்கு விழுங்குவதே கஷ்டம். அது குடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி மழையில் நனைந்து நின்றது இன்றும் நினைவிருக்கிறது.

மரியம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். "மயிரில இருக்கிற பெயின்ற்றைத் துடைச்சு விடட்டே ஐயா? முந்தியும் உதாலதான் துடைக்கிறனான்."

இதை நீங்கள் இன்னும் பல வீடுகளில் காண்பீர்கள். மண்ணெண்ணெயோ வர்ணம் கரைக்கும் எண்ணெயோ தோலைச் சுடும். நக்கினால் நெஞ்சுக்குள் இறங்கும். வர்ணத்தைவிடக் கெடுதல் செய்யும். ஈரமான வர்ணம் என்றால் தேங்காயெண்ணெய் பூசி இளக்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். காய்ந்துவிட்டால் அந்த மயிரைக் கத்தரித்துவிடுவதுதான் வழி. உள்ளே போனதைக் கறியுப்புக் கொடுத்துச் சத்தியெடுக்கவைக்க முயலாதீர்கள். இவ்வளவையும் அன்றைக்கு மரியம்மாவிடம் சொன்னேன். கத்தரிப்பதை மட்டும் நாய் தெளியும்வரை தள்ளிவைத்தோம்.

ரெஜினாவின் கையிலும் நாயின் வாய் வீணீர் பட்டிருக்கும். கீறல் இருக்கிறதா என்று பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். முழங்கை நிமிர்ந்தது, மணிக்கட்டு நிமிரவில்லை. கை வாடிய இலைபோல் தொங்கியது.

"இது எப்ப இருந்து தங்கச்சி?"

"கொஞ்ச நாளா. கால் போன மாதிரிக் கையும் போகுதாக்கும்," என்றாள். பெரிய விசயமில்லை என்பதுபோல் சொன்னாள்.

"வயித்துக்க வலி வாறதோ?"

மரியம்மா முந்திக்கொண்டார். "பிடிச்சுப் பிடிச்சு வரும் ஐயா. வேர்க்கொம்பு அவிச்சுக் குடுக்கிறனான்."

நான் ரெஜினாவிடம் திரும்பினேன். "நீ எப்பிடிப் பூசுறனி? ஒருக்காச் செய்து காட்டு."

அவள் ஒரு சின்ன இடையனை எடுத்தாள். கண் எழுத வேண்டும். பிறஷை வெள்ளையில் தோய்த்தாள். நுனி கூராக வருவதற்காக, பழகிய வேகத்தில், உதட்டுக்கிடையில் வைத்து உருட்டினாள்.

"தங்கச்சி, அதைக் கீழ வை."

"ஏன் ஐயா?"

"ஒருக்கா வாயைத் திறந்து முரசைக் காட்டு."

பல்லின் அடியில், ஈற்றின் ஓரமாக, நீலக்கறுப்பாய் ஒரு கோடு ஓடியது. உடம்பில் ஈயம் ஏறினால் விழும் கோடு அது என்று படித்திருந்தேன்.

நான் மனித வைத்தியன் இல்லை. அந்தப் பிள்ளைக்கு இன்ன நோய் என்று சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் கண்டதை வைத்துக்கொண்டு பேசாமல் வரவும் முடியாது. தாயையும் மாமனையும் கூப்பிட்டு, றோசியின் வயிற்றுக்குள் போனது ரெஜினாவின் வயிற்றுக்குள்ளும் போகிறது என்று நினைக்கிறேன், இப்போதே ஆசுப்பத்திரிக்கு வாருங்கள் என்றேன்.

சவிரிமுத்து அண்ணை அந்தப் பெயின்ற் ரின்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். "ஐயோ, நானெல்லே பிள்ளைக்குக் கொண்டுவந்து குடுத்தனான்."

"மாமா, அழாதேங்கோ," என்றாள் ரெஜினா. "நான்தானே கேட்டனான்." ஆனால் ஆசுப்பத்திரிக்கு வர மறுத்தாள். "நான் போனவுடன றோசியைச் சுட்டுப்போடுவினம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அது செத்தா நானும் செத்தன், பிள்ளை. நான் விடுவனோ?" என்று சொல்லிவிட்டு, கடிபடாத கையாலும் தோளாலும் அவளைத் தூக்கிக் கொண்டுபோய் ஜீப்பில் இருத்தினார்.

ஆசுப்பத்திரி டொக்டர், மாட்டு வைத்தியன் சொல்கிறான் என்று தட்டிவிடவில்லை. எல்லாவற்றையும் கேட்டார், தானும் முரசைப் பார்த்தார், ரெஜினாவை வார்ட்டில் வைத்துக்கொண்டார். அவருக்கும் என்னைப் போலத்தான் சந்தேகமும் பயமும் இருந்தன. சோதித்துப் பார்க்க இரத்தம் எடுத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். மறுமொழி வரும்வரை சும்மா இராமல் வைத்தியத்தையும் தொடங்கினார். மறுமொழி ஈயம் என்றுதான் வந்தது.

அடுத்த நாட்களில் முடிந்தபோதெல்லாம் அந்த வளவுக்குப் போனேன். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. காலையில் சவிரிமுத்து அண்ணை வயிற்றில் ஊசி வாங்கிவிட்டு, வார்ட்டில் ரெஜினாவைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு வலைக் கொட்டிலின் வாசலில் சாக்கை விரித்து இருப்பார். அதற்கு முன் அந்த நாயை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லையாம். வீட்டுக்குள் நாய் எதற்கு என்று தங்கையோடு சண்டை பிடிப்பாராம். இப்போது களப்பில் வலை வீசிக் கொஞ்ச மீனைப் பிடித்து, முள் எடுத்து, கஞ்சியில் கரைத்துச் சட்டியைத் தள்ளிவிடுவார்.

"குடி றோசி. நல்லாக் குடி. நீ குடிச்சாத்தான் எனக்கு நித்திரை வரும்."

ஒருநாள் நான் போனபோது முகம் வெளிறி நின்றார். "ஐயா, காலமை தொடக்கம் அசையேல்லை." உள்ளே பார்த்தோம். நாய் சுருண்டு கிடந்தது. "றோசி!" என்று அவர் கத்தினார். அது தலையைத் தூக்கி, கொட்டாவி விட்டு, மறுபடி படுத்தது. நல்ல நித்திரை. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாய் மாறிற்று. நான் பார்க்காததுபோல் சங்கிலியைச் சரிபார்த்தேன்.

வலிப்பு குறைந்து நின்றது. சாப்பாடு பிடித்தது. குறித்த நாளும் வந்தது. சங்கிலியைத் தானே கழற்றவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். கழற்றியபின் அது அவர் கையில் ஆறிக்கொண்டிருந்த கடித்தழும்பை மோந்து பார்த்தது. ஒரு கண்ணில் பார்வை திரும்பவில்லை. மற்றக் கண்ணால் அது சமாளித்துக்கொண்டது. அவருடைய ஊசியையும் டொக்டர் நிறுத்தினார்.

ரெஜினா பிறகு உருவம் செய்வதை விடவில்லை. விடு என்று நானும் சொல்லவில்லை. மஞ்சள், கரி, செம்மண், சுண்ணாம்பு என்று தானே அரைத்துப் பூசப் பழகினாள். அதையும் மூடிபோட்ட போத்தலில் உயரத் தட்டில் வைத்தாள். பூசும்போது நாய் வெளியே. கட்டிலின் கீழ் பரப்பிய மணலை வேலை முடிந்ததும் அள்ளிக் குழியில் போட்டாள். பிறஷ் வாய்க்குப் போகவில்லை. இன்றைக்கு ரின்னில் ஈயம் இல்லையென்று எழுதியிருந்தாலும், நாய் இருக்கும் வீட்டில் வர்ணம் பூசுகிறவர்களுக்கு நான் இதையேதான் சொல்வேன். நீங்களும் சொல்லுங்கள். நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டு வந்துவிடாமல், அந்த வீட்டில் அதே காற்றில் வேறு யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

அந்தப் பத்தாம் நாள் பின்னேரம் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். சவிரிமுத்து அண்ணை நாயைக் குளிப்பாட்டி, வர்ணம் ஒட்டிய மயிரையெல்லாம் கத்தரித்து, ஜீப்பில் ஏற்றிவிட்டார். ஆசுப்பத்திரிக்குள் நாய் வரக்கூடாது என்று வாசல்காரர் மறித்தார். டொக்டர் வந்து பார்த்துவிட்டு, "உள்ளுக்க வேண்டாம். விறாந்தை ஓரத்தில நில்லுங்கோ," என்றார்.

மரியம்மா மகளைக் கதிரையில் இருத்தி, இன்னொருவரின் உதவியோடு விறாந்தைக்குத் தூக்கிவந்தார். றோசி அங்கங்கே மொட்டையாய், மெலிந்து, விலா எலும்பு தெரிய நின்றது. காற்று ரெஜினா இருந்த பக்கமிருந்து வந்தது. நாய் மூக்கை உயர்த்தியது. வாலோடு உடம்பு முழுவதும் ஆடத்தொடங்கிற்று. சவிரிமுத்து அண்ணையால் கயிற்றைப் பிடித்திருக்க முடியவில்லை. அது ஓடிப்போய்க் கதிரைக் காலில் முட்டி, அவள் மடியில் முகத்தை வைக்க எழும்பியது.

ரெஜினா தன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டாள். "பொறு, பொறு றோசி," என்றாள். கண்ணீர் வழிந்தது, ஆனால் கை இறங்கவில்லை.

"தொடு பிள்ளை," என்றார் மாமன். "அதுக்கு ஒண்டுமில்லை. டொக்டர் ஐயா சொல்லிப்போட்டார்."

"அதுக்கில்லை மாமா. என்ர கையில இருந்துதானே அதுக்கு நஞ்சு போனது," என்றாள் அவள். தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, சவர்க்காரமும் தண்ணியும் கொண்டாங்கோ. நான் முதல்ல என்ர கையைக் கழுவோணும்."

மரியம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் விரல்விரலாக, நகத்தின் அடிவரை, தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மணிக்கட்டு இன்னும் சரியாக நிமிரவில்லை. மெல்ல மெல்லத்தான் முடிந்தது. அதுவரை நாய் அவள் மடியில் தாடையை வைத்தபடி அசையாமல் நின்றது. நாங்களும் நின்றோம்.